இருபத்தெட்டுக்கு நாலு பேரு வேணும்

எழுதிக்கிடுங்க. முதல் காரணம் போன். ரெண்டாவது காரணமும் போன்தான். மூணாவது, இப்ப உள்ளவனுகளுக்கு முப்பத்திரெண்டு சீட்ட ஞாபகம் வச்சிருக்க மண்டை கிடையாது. எழுதியாச்சா? அவ்வளவுதான். நீங்க போலாம்.

இல்ல, இரிங்க. வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிய. உங்கள எனக்கிட்ட அனுப்பினது யாரு, சங்கத்து செக்ரட்டரியா? இருபத்தெட்டப் பத்தித் தெரியணும்னா டைம்கீப்பர் வில்பிரட்டப் பாருங்கன்னு சொன்னாராக்கும். சொல்லுவாரு. வேற என்ன சொன்னாரு என்னப் பத்தி? ஒண்ணும் சொல்லலியா. சரி.

உங்க காலேஜ்ல இதுக்கெல்லாம் ஆராய்ச்சின்னு பேரு வச்சிருக்காங்க. சீட்டு விளையாட்டு ஏன் அழியுதுன்னு ஆராய்ச்சி. நீங்க விளையாடுவியளா? ரம்மி. நெனச்சேன். ரம்மி ஒரு விளையாட்டா சார்? அவனவன் கையில வர்றத அவனவன் சேத்து வச்சுக்கிட்டே இருப்பான். அது பஸ்ல சீட்டுப் பிடிக்க துண்டு போடுற மாதிரி. இருபத்தெட்டு அப்படி இல்ல. நாலு பேரு வேணும். ரெண்டு பேரு ஒரு பக்கம், ரெண்டு பேரு மறுபக்கம். எனக்க கூட்டாளி எனக்கு எதிர்ல இருப்பான், பக்கத்துல ரெண்டும் எதிராளி. ஆளுக்கு எட்டுச் சீட்டு. நாலு பேரும் ஒவ்வொண்ணா இறக்கினா ஒரு பிடி, பெரிய சீட்டுக்காரன் அள்ளிக்கிடுவான். ஜாக்கிக்கு மூணு புள்ளி, ஒன்பதுக்கு ரெண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒண்ணும் கிடையாது, சும்மா கிரீடம் வச்சுக்கிட்டு இருக்கலாம். மொத்தம் இருபத்தெட்டு. அதுல இத்தனை புள்ளி எடுப்பேன்னு ஒருத்தன் கேக்கணும். கேட்டவன் எந்த ஜாதிச் சீட்டு துருப்புன்னு முடிவு பண்ணி ஒரு சீட்ட கவுத்து வப்பான். பொறவு கேட்ட புள்ளிய எடுத்துக் காட்டணும். எதிர்ல இருக்கிற கூட்டாளிக்கு கண்ணு காட்டக் கூடாது, இருமக் கூடாது, மூக்கச் சொறியக் கூடாது. அவன் மனசுல என்ன இருக்குன்னு அவன் போடுற சீட்ட வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். புரியுதா? நீங்க எழுதுற வேகத்தப் பாத்தா புரிஞ்ச மாதிரி தெரியல.

எங்க சங்கத்துக்கு பேரு ஐக்கிய வாலிபர் சங்கம். சிரிக்காதீங்க, ஆரம்பிச்சப்ப வாலிபன்மாருதான். நான் பஸ் டிப்போவுல சேந்த வருசம் அங்கின ஆறு மேசை போட்டிருந்தாங்க. கிறிஸ்மசுக்கும் ஓணத்துக்கும் போட்டி வைப்பாங்க, கருங்கல்லருந்தும் குலசேகரத்துலருந்தும் ஜோடி ஜோடியா வருவானுக. பொறவு டிவி வந்தது, ரெண்டு மேசை போச்சு. கேரம் போர்டு ஒண்ணு யாரோ தானமாக் குடுத்தான், அது ஒரு மேசையத் தின்னுது. போன் வந்த பொறவு கேக்கவே வேண்டாம். கடைசியில ஒரு மேசை. நாங்க நாலு பேரு.

நானும் சுகுமாரனும் ஒரு ஜோடி. சுகுமாரன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், எனக்கு நாலு வயசு இளையவன். எதிராளி ரசலையன், ரப்பர் ஷீட் வாங்கி விக்கிறவன். அவனுக்க கூட்டாளி மாதேவன், ஸ்டுடியோ வச்சிருந்தான். இருபத்தாறு வருசம் சார். சாயங்காலம் நாலு மணிக்கு முதல் சீட்டு விழும். நாலு அஞ்சுக்கு ஒருத்தன் வந்தா நான் அவனுக்குச் சீட்டுப் போட மாட்டேன். டைம்கீப்பர்னா டிப்போவுல மட்டும்தானா?

ஒரு ஆட்டம் முடிஞ்சா நான் விசாரணை வைப்பேன். அப்படித்தான் அவனுக அதுக்குப் பேரு வச்சிருந்தானுக. முப்பத்திரெண்டு சீட்டும் எந்த வரிசையில விழுந்ததுன்னு எனக்கு ஞாபகம் இருக்கும். மூணாவது பிடியில நீ ஏன் பத்தப் போட்ட, அஞ்சாவது பிடியில ஆஸ ஏன் வச்சுக்கிட்ட, கேப்பேன். கேக்காம எப்படி ஒருத்தன் படிப்பான்? எனக்க வீட்டுக்காரியும் இதத்தான் சொல்லுவா, எல்லாத்துக்கும் கேள்வியான்னு. அவ இப்ப திருப்பூர்ல மக வீட்டுல இருக்கா. பேரப்பிள்ளையப் பாக்கப் போனா. பேரன் எட்டாங்கிளாஸ் வந்துட்டான், அவனுக்கு இன்னும் ஆளு வேணுமாம்.

போன ஐப்பசியில நடந்தத சொல்லுதேன். சங்கத்துல அதுதான் கடைசி ஆட்டம். நல்ல மழை. நான் இருபது கேட்டேன், கிளாவர் துருப்பு. நல்ல கை. நாலாவது பிடி. ரசலையன் டைமண்ட் இறக்குதான். நான் டைமண்ட் ஜாக்கியப் போட்டேன். அதுக்கு மேல டைமண்ட் கிடையாது, அந்தப் பிடி எனக்குத்தான். மாதேவன் ஒரு எட்டப் போட்டான். கடைசியில சுகுமாரன். அவனுக்கிட்ட டைமண்ட் இல்ல. என்ன செய்யணும்? கையில உள்ள பத்தையோ ஆஸையோ எனக்க பிடியில போட்டுப் புள்ளியக் கூட்டணும். அவன் துருப்பு போட்டு வெட்டுதான் சார். எனக்க ஜாக்கிய, எனக்க கூட்டாளியே வெட்டுதான். அந்தத் துருப்பு கடைசிப் பிடிக்கு வேண்டியிருந்தது, அது இல்லாமப் போச்சு. பத்தொன்பது புள்ளியில நின்னோம். ஒண்ணு குறைஞ்சு தோத்தோம்.

நான் கத்தல. மேசையில அடிக்கல. கேள்விதான் கேட்டேன். டைமண்ட் ஜாக்கிக்கு மேல சீட்டு உண்டா, சொல்லு. இல்லன்னான். அப்ப யார வெட்டுன, சொல்லு. மனசு இங்க இல்லன்னான். மனசு இங்க இல்லாதவன் நாலு மணிக்கு ஏன் வந்தான்னு கேட்டேன். இருபத்தாறு வருசமா மனச எங்க வச்சிருந்தன்னும் கேட்டேன். ரசலையன் போதும்வே, விடும்வேன்னான். நான் விடல. சட்டம் சட்டம்தான். தோத்தா குணுக்கு போடணும். பிலா இலையச் சுருட்டி ஈர்க்கு குத்தி காதுல தொங்க விடுறது, அதுதான் குணுக்கு. அடுத்த ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது.

ரெண்டு பேரும் தோத்தா ரெண்டு பேரும்தான் போடணும், அது எனக்குத் தெரியும். ஆனா தப்பு யாருது? நான் போடல.

அவன் காதுல குணுக்கோட இருக்கான், அப்ப சங்கத்து வாசல்ல ஒரு கார் வந்து நிக்குது. அவனுக்க மூத்த மகளுக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளையுக்க அப்பாவும் மாமாவும். வீட்டுக்குப் போனாங்களாம், இவன் இங்க இருக்கான்னு யாரோ சொல்லி நேரா வந்துட்டாங்க. அவனுக்கு அவங்க அன்னைக்கு வாராங்கன்னு தெரியும். மனசு இங்க இல்லன்னதுக்கு அதுதான் காரணம்னு பொறவு எனக்குப் புரிஞ்சது. அப்பமே சொல்லியிருக்கலாம்லா. அவன் கைய காதுப் பக்கம் கொண்டு போனான். நான் ஆட்டம் முடியலன்னு சொன்னேன். சட்டத்த ஒரு நாள் மாத்தினா எல்லா நாளும் மாத்தணும். அவன் கைய இறக்கிட்டான். அப்படியே இலையோட எழும்பிப் போயி, அவங்களுக்கு வணக்கம் சொல்லி, கார்ல ஏறிப் போனான். கார்ல எடுத்திருப்பான்னு நெனக்கிறேன்.

மறுநாள் நாலு மணிக்கு யாரும் வரல. நாலரைக்கு ரசலையன் வந்தான், உக்காராம நின்னுட்டே பேசினான். சுகுமாரனுக்குக் கண்ணுல புரை, சீட்டு தெரியலியாம். மாதேவனுக்கு மகன் புது போன் வாங்கிக் குடுத்திருக்கான், அதுல படம் பாக்குதானாம். தனக்கும் ஷீட்டு விலை இறங்கிட்டதால மனசு சரியில்லியாம். இனி யாருவே இருபத்தெட்டு விளையாடுதா, காலம் போச்சு வில்பிரட்டுன்னான்.

நான் நம்பினேன். நம்பாம என்ன? நீங்களும் இப்ப அதத்தான எழுதிட்டு இருக்கிய.

தை மாசம் சங்கத்து ஆண்டுக் கூட்டம். நான் மேடையில ஏறிப் பேசினேன். இருபது நிமிசம். பாரம்பரிய விளையாட்ட போன் தின்னுட்டு, கூடி இருந்து விளையாடுற பழக்கம் போயிட்டு, மனுசனுக்க முகத்தப் பாத்து மனசு அறியிற ஒரே விளையாட்டு சாவுதுன்னு பேசினேன். முன் வரிசையில சுகுமாரன், ரசலையன், மாதேவன் மூணு பேரும் இருந்தானுக. மூணு பேரும் கைதட்டினானுக. சுகுமாரன் கொஞ்சம் கூடுதலாவே தட்டினான். கண்ணுல கண்ணாடி கூட இல்ல, நான் அத அப்ப கவனிக்கல.

பொறவு ஒரு மனு எழுதினேன். வர்ற ஓணத்துக்கு இருபத்தெட்டுப் போட்டிய மறுபடி நடத்தணும்னு. பழைய ஆட்டக்காரங்க கையெழுத்து வேணும்னு செக்ரட்டரி சொன்னாரு. மாசி மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரசலையன் வீட்டுக்குப் போனேன். அவனுக்க வீட்டுக்காரி வாசல்ல நின்னா. அவரு தோட்டத்துக்குப் போயிருக்காரு, வர நேரமாகும், காயிதத்தக் குடுங்க நான் வாங்கி வைக்கேன்னா. பேசும்போது எனக்க முகத்தப் பாக்கல. நான் திரும்பினேன். அப்ப வீட்டுக்குப் பின்னாலருந்து ஒரு சத்தம்.

மேசையில சீட்ட அடிக்கிற சத்தம். ஜாக்கி வச்சிருக்கிறவன் அப்படித்தான் அடிப்பான். அந்தச் சத்தத்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பின்னால ரப்பர் ஷீட் காயப்போடுற ஷெட்டு. கொடியில வரிசையா ஷீட்டு தொங்குது, அதுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கேன், அந்தப் பக்கம் மேசை. மூணு பேரும் இருக்கானுக. சுகுமாரனுக்கு எதிர்ல, எனக்க இடத்துல, அவனுக்க வீட்டுக்காரி லீலாபாய்.

அவ அங்கன்வாடியில சமையல் செஞ்சிட்டு இருந்தவ. வாழ்க்கையில சீட்டத் தொட்டவ இல்ல. ராஜா பெருசா ஒன்பது பெருசான்னு வாய்விட்டுக் கேக்குதா. ரசலையன் எதிராளி, அவனே சொல்லிக் குடுக்குதான், ஒன்பது பெருசு மைனின்னு. இது விளையாட்டா? நான் அங்கேயே நின்னேன். அடுத்த பிடியில சுகுமாரன் ஜாக்கிய அடிச்சான். அவ துருப்பு போட்டு வெட்டிட்டா. அதே தப்பு சார். அதே தப்பு. மாதேவன் சிரிக்குதான். சுகுமாரன் என்ன செஞ்சான் தெரியுமா? என்னையே வெட்டிட்டியா லீலான்னு சொல்லி அவனும் சிரிக்குதான், கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. தோத்துட்டாங்க. ரெண்டு பேரும் இலையச் சுருட்டி, ஒருத்தருக்க காதுல ஒருத்தர் மாட்டி விடுதாங்க.

இருபத்தாறு வருசத்துல அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அவனுக்குப் பல்லு அவ்வளவு வெள்ளையா இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

ஷீட்ட விலக்கிட்டு உள்ள போனேன். லீலாபாய் எழும்பிட்டா. நீங்க இரிங்க அண்ணாச்சி, நான் வீட்டுல போயி சாயா போடுதேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமாப் போனா. நான் எனக்க இடத்துல உக்காந்தேன். மாதேவன் சீட்டு கலைச்சான். சுகுமாரன் காதுல உள்ள இலையக் கழற்றிக் கீழ போட்டான். நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல, அத நீங்க எழுதணும். ஒண்ணும் சொல்லல.

நாலு ஆட்டம் போட்டோம். நாலும் நாங்கதான் ஜெயிச்சோம். சுகுமாரன் ஒரு தப்பு பண்ணல. சீட்ட எடுக்குதான், போடுதான், எடுக்குதான், போடுதான், டிக்கெட் கிழிக்கிற மாதிரி. நாலாவது ஆட்டத்துல எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எனக்க பிடியில ரசலையன் இஸ்பேட் ஜாக்கியத் தூக்கிப் போட்டான். மூணு புள்ளி. எதிராளிக்க பிடியில எவனாவது ஜாக்கியப் போடுவானா? அவன் கையில ஒரு ஏழு இருந்தது, அது கடைசிப் பிடியில வந்து விழுந்தது. மூணாவது ஆட்டத்தையும் மனசுல ஓட்டிப் பாத்தேன், அதுலயும் மாதேவன் அப்படித்தான் ஒரு ஒன்பதக் குடுத்திருக்கான்.

கேட்டேன். கையில ஏழு இருக்கும்போது ஜாக்கிய ஏன் போட்டன்னு ரசலையங்கிட்ட கேட்டேன். அவன் மேசையப் பாத்துட்டு இருந்தான். பதில் சொன்னது சுகுமாரன்.

"நீரு சீக்கிரம் ஜெயிச்சு எழும்பிப் போவீருன்னுதான்."

நான், அப்ப கண்ணுல புரை, போன், ஷீட்டு விலை எல்லாம் என்னன்னு கேட்டேன்.

"ஆட்டம் சாவல வில்பிரட் அண்ணே. உமக்கிட்ட மட்டும் செத்துப்போச்சுன்னு சொன்னோம்" அப்படின்னான். சத்தம் கூட்டல. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துட்டு, சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு சொல்லுவான்லா, அந்தக் குரல்தான். "இருபத்தாறு வருசம் எதிர்ல இருந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லா போட்டேன்னு உமக்க வாயில வந்ததுண்டா?"

நீங்களே சொல்லுங்க சார். நல்லாப் போடுறதுக்குத்தான ஒருத்தன் மேசைக்கு வாறான்? பஸ் சரியான நேரத்துக்கு வந்தா நான் டிரைவரக் கூப்பிட்டு மாலையா போட்டேன்? தப்பு நடந்தாத்தான் பேச்சு. சரியா நடந்தா பேச என்ன இருக்கு? அதத்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான். சரி, நீரு போவும்னான். சாயா வரதுக்குள்ள வந்துட்டேன்.

மூணு நாள் பொறுத்தேன். அவனுக்கு ஆள் கிடைக்காம இருந்தா சரி, நான் பொறுத்திருப்பேன். ஒன்பதா ராஜாவான்னு தெரியாத ஒரு பொம்பளைய உக்கார வச்சு, எனக்க இடத்துல. ஊரு பூரா ஒரே மேசை, அதுல நான் இல்ல. நாலாவது நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். ரசலையன் ஷெட்டுல நாலு பேரு கூடி சீட்டு விளையாடுதாங்கன்னு சொன்னேன். காசு வச்சு ஆடுதாங்களான்னு போன எடுத்த போலீஸ்காரரு கேட்டாரு. அது நீங்க வந்து பாக்க வேண்டிய காரியம்னு சொன்னேன். நான் பொய் சொல்லல. இதையும் எழுதிக்கிடுங்க, நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல.

ஜீப் வந்தது. மேசையில காசு ஒண்ணும் கிடைக்கல, அங்க ஏது காசு? ஆனா வந்தவங்க சும்மா போவாங்களா, ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னு நாலு பேரையும் ஏத்திட்டாங்க. நான் ஜங்ஷன்ல மருந்துக் கடை வாசல்ல நின்னேன். தற்செயலாத்தான் நின்னேன். சந்தை நாளு, நல்ல கூட்டம். ஜீப்புக்குப் பின்னால லீலாபாய் இருந்தா. அவ காதுல இலை தொங்கிட்டு இருந்தது. அந்த அவசரத்துல எடுக்க மறந்திருக்கா. ஜனங்க பாத்துச் சிரிச்சாங்க, சீட்டு விளையாடிப் பிடிபட்ட பொம்பளைன்னு ஒருத்தன் சத்தமாச் சொன்னான். சுகுமாரன் அந்த இலையப் பாத்தான், கைய நீட்டி அவ காதுலருந்து எடுத்தான். எடுத்துட்டு நிமிந்தப்ப என்னப் பாத்தான்.

ஒரு மணிக்கூறுல விட்டுட்டாங்க. ஒண்ணும் கேஸ் இல்ல. ஆனா ரசலையனுக்க மகன் ஷெட்டுக்குப் பூட்டு போட்டுட்டான். மாதேவன் மக வீட்டுக்கு நெய்யாற்றின்கரைக்குப் போனவன் திரும்பி வரல. அவ்வளவுதான், மேசை முடிஞ்சது. இந்தச் சுத்துவட்டாரத்துல நீங்க போயி விசாரிங்க, இருபத்தெட்டு விளையாடுற நாலு பேரு ஒரு இடத்துல கிடைக்க மாட்டாங்க.

ஒரு வாரம் கழிஞ்சு சுகுமாரன் இங்க வந்தான். இந்த வாசல்லதான் நின்னான். சண்டை போடுவான்னு நெனச்சேன், நான் பதிலெல்லாம் சரிபண்ணி வச்சிருந்தேன். அவன் சட்டைப் பையிலருந்து சீட்டுக்கட்ட எடுத்து மேசையில வச்சான். ஸ்டேஷன்ல திருப்பித் தந்தாங்க, நீரே வச்சுக்கிடும்னான். லீலா இப்ப சந்தைக்குப் போறதில்ல, நான்தான் போறேன்னான்.

நான் சொன்னேன், வந்தது வந்தாச்சு, இரி, ஒரு கை போடுவோம்னு.

அவன் என்ன ரொம்ப நேரம் பாத்தான் சார். பைத்தியக்காரனப் பாக்குற மாதிரி இல்ல, அவனுக்கிட்ட மருந்துக்கு வந்த ஒரு ஆளப் பாக்குற மாதிரி. பொறவு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு பேரா இருந்து எப்படி விளையாடுறதுன்னு அப்பந்தான் எனக்கே உறைச்சது.

இப்ப நாலு மணிக்கு நான் தனியாப் போடுதேன். நாலு கையும் நானே. மேசையச் சுத்தி மாறி மாறி உக்காருவேன். ரசலையன் கைய எடுத்தா ரசலையன் மாதிரி ஆடுவேன், அவனுக்குத் துருப்ப மறச்சு வைக்கத் தெரியாது. மாதேவன் பயந்தாங்கொள்ளி, பதினாலுக்கு மேல கேக்க மாட்டான். அதெல்லாம் சுலபம். எதிராளிய எனக்குத் தெரியும்.

சுகுமாரன் கையிலதான் நின்னு போகுது. நேத்து அவனுக்கு நல்ல சீட்டு வந்தது. ஜாக்கி ரெண்டு, ஒன்பது ஒண்ணு. அவன் கேக்கணும். கேப்பானா, விடுவானா? கேட்டா எவ்வளவு கேப்பான்? எங்க ஜோடியில கேக்குறது எப்பவும் நான்தான். அவனுக்கு நல்ல கை வந்தாலும் நான் மேல கேட்டு எடுத்துக்கிடுவேன், அவன் பேசாம இருந்துக்கிடுவான். இருபத்தாறு வருசம். அவன் கேட்டா எப்படிக் கேப்பான்னு எனக்குத் தெரியல சார். முப்பத்திரெண்டு சீட்டும் எங்க இருக்குன்னு தெரியுது, இது தெரியல. நேத்துலருந்து ஆட்டம் அப்படியே நிக்குது, உள்ள வந்து பாருங்க வேணும்னா. அந்தப் பெரிய மேசையிலதான்.

பாக்கலாம். கைய வைக்காதீங்க. அது சுகுமாரனுக்க கை.